பனிச்சறுக்கு ஊரில் பாபாவோடு

அந்தக் குளிர்காலத்தில் நான் ஊருக்குப் போயிருக்க வேண்டும். மகள் நாகர்கோவிலில் விடுதியில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தாள். அவளுடைய செமஸ்டர் விடுமுறையும் என் லீவும் ஒன்றாக வரும்படி பல மாதங்களாக ஒவ்வொருவரிடமும் பேசிப் பேசிச் சரிசெய்து வைத்திருந்தேன். டிக்கெட் எடுக்க வேண்டியதுதான் பாக்கி. அப்போதுதான் மேடம் என்னைக் கூடத்துக்குக் கூப்பிட்டு, "சிஸ்டர், இந்த வருஷம் பாபாவும் எங்ககூட சுவிட்சர்லாந்து வர்றார். நீங்களும் வரணும்," என்றார்.

துபாயில் ஓர் அரபுக் குடும்பத்தின் வீட்டில் நான் ஹோம் நர்ஸாக இருந்தேன். பாபா அந்த வீட்டின் பெரியவர். அங்கே வேலை செய்யும் நாங்கள் எல்லோரும் அவரை அப்படித்தான் கூப்பிடுவோம். பக்கவாதம் வந்து வலது கையும் வலது காலும் ஏறக்குறைய செயலிழந்திருந்தன. பேச்சும் போய்விட்டது. மூன்று சொற்கள் மட்டும் எப்படியோ தப்பிக் கிடந்தன. போகலாம், கிளம்பு என்பதற்கு யல்லா. இல்லை, வேண்டாம், வலிக்கிறது, யாரும் வந்து பார்க்கவில்லை, எல்லாவற்றுக்கும் மாஃபி. போதும் என்றால் கலாஸ். இந்த மூன்றை வைத்துக்கொண்டு அவரும் நானும் இரண்டு வருஷமாகக் காலம் தள்ளிக்கொண்டிருந்தோம்.

பாபாவின் மூத்த மகன் ஒவ்வொரு வருஷமும் மனைவியான மேடத்தோடும் பிள்ளைகளோடும் பனிச்சறுக்குக்குப் போவார். அந்த நாட்களில் இளைய மகன் வந்து வீட்டில் தங்கி அப்பாவைப் பார்த்துக்கொள்வார். அந்த வருஷம் இளையவர் வேலை மாற்றி ரியாத்துக்குப் போய்விட்டார். பாபாவை வேலைக்காரர்களிடம் மட்டும் விட்டுப் போக மூத்தவருக்கு மனமில்லை. அது நல்ல மனசுதான். அந்த நல்ல மனசில் என் லீவ் போயிற்று.

அன்று மாலையே அஜ்மானில் இருக்கும் என் கணவருக்கு போன் செய்தேன். அவர் ஷார்ஜாவில் ஒரு கோடவுனில் ஸ்டோர் கீப்பர். அஜ்மானில் வாடகை குறைவு என்று அங்கே ஒரு ஃப்ளாட்டில் ஒற்றை அறை எடுத்திருந்தோம். வாராந்தர லீவுக்கு நான் பஸ் பிடித்து அங்கே போவேன்.

"போயிட்டு வா," என்றார். "முடியாதுன்னு சொன்னா அவங்க வேற ஆளப் பாப்பாங்க."

"பிள்ளைகிட்ட யாரு சொல்றது?"

"நான் சொல்லுதேன்."

அவர் சொல்வதற்குள் மகளே கூப்பிட்டுவிட்டாள், நானே சொல்ல வேண்டியதாயிற்று. அவளுக்கு வருத்தம் இருந்திருக்கும். அதைக் காட்டிக்கொள்ளாமல், "அம்மா, நீ மட்டும் சுவிட்சர்லாந்து போற. நிறைய போட்டோ அனுப்பு," என்றாள். அவள் சண்டை போட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

குளிருக்கு உடுப்பு வாங்க, துபாயின் பழைய கடைத்தெருவான தேராவுக்குப் போனேன். மசாலாக் கடைகளுக்குப் பின்னால் ஒரு சந்தில், காயல்பட்டினத்துக்காரர் ஒருவர் கம்பளிக் கோட்டும் கையுறையும் விற்றுக்கொண்டிருந்தார். வெளியே அந்த டிசம்பரிலும் நல்ல வெயில். கடைக்குள் ரோமத் தொப்பிகள் அடுக்கியிருந்தன. "ரஷ்யாக்காரங்கதான் நம்ம யாவாரம்," என்றார். உள்ளே போடும் உடுப்பை எடுத்துப் போட்டபடி, "ஆனா ஊர்ல போய், துபாய்ல ஸ்வெட்டர் விக்கிறேன்னு சொன்னா யாருமே நம்ப மாட்டேங்காங்க, லாத்தா," என்றார். அக்காவை அவர்கள் ஊரில் அப்படித்தான் கூப்பிடுவார்கள். கோட்டு மேடம் தருவதாகச் சொல்லியிருந்தார். தந்தார். அவருடைய பழையது. அவர் என்னைவிட ஒரு சாண் உயரம். அந்தக் கோட்டில் நான் யாரோ விட்டுப்போன பொருள் மாதிரி இருந்தேன்.

விமானத்தில் பாபாவுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும் என்பதால் எனக்கும் பிசினஸ் கிளாஸ். படுக்கையாக மாறும் இருக்கையை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். அதைப் படுக்கையாக மாற்றிப் பார்க்கவில்லை. பாபாவுக்குச் சிறுநீர்க் குழாய் போட்டிருந்தது. அந்தப் பை ஆடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். தண்ணீரைக்கூட அவருக்கு நேராகக் கொடுக்கக் கூடாது, புரையேறும். கெட்டியாக்கும் பொடி போட்டுக் கூழாக்கிக் கரண்டியில் கொடுக்க வேண்டும். துபாயில் பகல் டூட்டி எனக்கு, இரவு டூட்டி ஒரு மலையாளி நர்ஸுக்கு. பயணத்துக்கு ஒரு நர்ஸ் போதும் என்று முடிவு செய்துவிட்டார்கள். இரண்டு பேர் வேலையை ஒருத்தி செய்யப் போகிறாள் என்று யாருக்கும் தோன்றியதாகத் தெரியவில்லை. நானும் சொல்லவில்லை.

விமானம், பிறகு வேன், பிறகு ஒரு சின்ன ரயில். அந்த ஊருக்குள் பெட்ரோல் வண்டிகளே விடுவதில்லை. ரயில் நிலையத்தில் இறங்கினதும் பேட்டரி வண்டி வந்து ஏற்றிக்கொண்டு போனது. வழியெல்லாம் கைக்கடிகாரக் கடைகள். கண்ணாடிக்குப் பின்னால் ஒவ்வொரு கடையிலும் நாலைந்து கடிகாரங்கள்தான் இருக்கும், நகைக்கடை மாதிரி விளக்கு. நாய்களுக்குக் கோட்டு போட்டுக் கூட்டிப்போனார்கள். ஆணும் பெண்ணும் தோளில் பனிச்சறுக்குப் பலகையைச் சாத்திக்கொண்டு, கணுக்கால் மடங்காத கனத்த பூட்ஸில் டக் டக்கென்று நடந்தார்கள். எல்லோர் முகத்திலும் நல்ல தூக்கம் தூங்கி எழுந்த மினுக்கம். ஆஸ்பத்திரியில் வேலை செய்தவளுக்கு முதலில் கண்ணில் படுவது அதுதான்.

குடும்பம் காலையில் சாப்பிட்டுவிட்டு மலைக்குப் போய்விடும். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள வந்த பிலிப்பினோப் பெண்ணும் அவர்களோடு போவாள். பாபாவும் நானும் அறையில். பெரிய அறை; ஒரு பக்கம் முழுக்கக் கண்ணாடி. கண்ணாடிக்கு வெளியே மலை. அவ்வளவு வெள்ளையை நாள் முழுக்கப் பார்த்தால் கண் கூசித் தலைவலி வரும் என்பது எனக்கு அங்கே போய்த்தான் தெரிந்தது. குளிப்பாட்டுவது, உடம்பைத் திருப்பிப் படுக்க வைப்பது, மருந்து, பை மாற்றுவது, மறுபடி திருப்புவது. இரவில் அவர் பக்கத்திலேயே சோபாவில் படுத்துக்கொள்வேன். அவர் இருமினால் எழ வேண்டும், இருமாவிட்டாலும் எழுந்து பார்க்க வேண்டும். அந்த ஊரை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு முதலில் வருவது பனியல்ல. கண்ணிமைக்குள் மணல் கிடப்பது போன்ற எரிச்சல்.

ஊரிலிருந்து என் தங்கை வீடியோவில் வந்தாள். "ஒனக்கென்னக்கா, சினிமாவுல வாற எடத்துல இருக்க," என்றாள். நான் ஜன்னல் பக்கம் போனைத் திருப்பிக் காட்டினேன். மகள் போட்டோ கேட்டுக்கொண்டே இருந்தாள். அனுப்பினேன். "எல்லாம் நல்லா இருக்கு. ஒண்ணுலகூட நீ சிரிக்கலையேம்மா," என்று பதில் வந்தது.

பாபாவின் சாப்பாடுதான் பெரிய பாடு. ஹோட்டலில் சூப் என்று கொடுத்தார்கள். அதில் துண்டு துண்டாகக் காய் கிடந்தது. இரண்டாவது முறையும் அப்படியே வந்தபோது, கிண்ணத்தை எடுத்துக்கொண்டு நானே கீழே இறங்கிப் போய்விட்டேன். சமையலறையின் பின்வாசலில் நின்று ஆங்கிலத்தில் சொன்னேன். வெள்ளைத் தொப்பி போட்ட பையன் தலையாட்டிவிட்டு அதே சூப்பைச் சுட வைத்துக் கொண்டுவந்தான்.

"கடவுளே, இத எப்படிக் குடுக்கது," என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

"இன்னும் அரைக்க வேணுமோ?" என்று ஒரு குரல் கேட்டது.

பாத்திரம் கழுவும் தொட்டிக்குப் பின்னாலிருந்து ஒருவர் எட்டிப் பார்த்தார். அறுபது வயதிருக்கும். நீராவியில் கண்ணாடி புகைந்து போயிருந்தது. அதைக் கழற்றி ஏப்ரனில் துடைத்தபடி, "நீங்கள் இந்தியாவோ?" என்றார்.

"ஆமா. நாகர்கோவில் பக்கம். நீங்க?"

"யாழ்ப்பாணம். இஞ்ச வந்து முப்பது வருசத்துக்கு மேல. ஆருக்கு இது, குழந்தைக்கோ?"

"பெரியவருக்கு. விழுங்க முடியாது. ஒரு திப்பிகூட இருக்கக் கூடாது."

கிண்ணத்தை வாங்கிப் பார்த்தார். "இதைக் குடிச்சா நல்லா இருக்கிற மனுசனுக்கே புரைக்கடிக்கும். கொஞ்சம் நில்லுங்கோ தங்கச்சி, கஞ்சி காய்ச்சித் தாறன்."

அப்படிச் சொல்லிவிட்டு, தொப்பிப் பையனிடம் அவர்கள் பாஷையில் ஏதோ சொன்னார். அடுப்பின் ஒரு மூலை கிடைத்தது. அரிசியைக் குழைய வேகவைத்து, கோழி வேகவைத்த தண்ணீர் விட்டு அரைத்து, வடிகட்டித் தந்தார். பாபா ஒரு கரண்டி வாங்கினார். கண்ணை மூடிக்கொண்டார். இரண்டாவது கரண்டிக்கு வாயைத் திறந்துகொண்டு காத்திருந்தார். எத்தனையோ நாட்களாக நான் பார்க்காத காட்சி.

அதிலிருந்து தினமும் நான் கீழே போய்க் கஞ்சி வாங்கி வந்தேன். அடுப்பில் அது கொதிக்கும் நேரம் நாங்கள் பேசுவோம். சண்டைக் காலத்தில் வாலிபனாக வந்தவர். கோப்பை கழுவுவதில் தொடங்கி, நடுவில் சமையல் உதவியாளாகி, மூட்டுவலி வந்தபின் மறுபடி கோப்பைக்கே வந்துவிட்டார். மனைவியும் பிள்ளைகளும் கீழே நகரத்தில் இருந்தார்கள். சீசனில் அவர் இங்கே ஆட்கள் தங்கும் கட்டிடத்தில் ஓர் அறையில் இருப்பார். நான் அவரை அண்ணா என்று கூப்பிடத் தொடங்கினேன்.

"நீங்க சறுக்கியிருக்கீங்களாண்ணா?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"ஒருக்காலும் இல்லை. முழங்கால் உடைஞ்சா ஆர் கோப்பை கழுவுறது? பிள்ளையள் நல்லாச் சறுக்குவினம். நான் மேல போனதே ரெண்டு தரம்தான். அதுவும் மேல இருக்கிற ஹோட்டலில ஆள் குறைஞ்சு, கழுவப் போனது."

சிரித்தேன். அவரும் சிரித்தார். சிரித்து முடித்தபோது இருவருக்குமே களைப்பாகத்தான் இருந்தது.

ஒரு நாள் காலை, குடும்பம் மலைக்குப் போனபின், பாபாவைச் சக்கர நாற்காலியில் கண்ணாடி அருகே உட்கார வைத்தேன். கீழே தெருவில் பிள்ளைகள் பனியை அள்ளி எறிந்துகொண்டிருந்தார்கள். பாபா வெகுநேரம் பார்த்தார். பிறகு இடது கையால் கண்ணாடியைத் தட்டினார்.

"யல்லா," என்றார்.

"குளிர் பாபா. வேண்டாம்."

"யல்லா."

அவருக்கு வெளியே போகத் தடையில்லை. நன்றாகப் போர்த்தி, கொஞ்ச நேரம் காற்றுப் படட்டும் என்று, ஹோட்டலுக்கு வந்து பாபாவைப் பார்த்த டாக்டரே சொல்லியிருந்தார். எனக்குத்தான் தெம்பில்லை. உள்ளாடை, சட்டை, ஸ்வெட்டர், கோட்டு, தொப்பி, கையுறை என்று செயலிழந்த ஒரு கைக்கும் காலுக்கும் அத்தனையும் மாட்டுவது சின்ன வேலையில்லை. மாட்டி முடித்தபோது எனக்கு வியர்த்துவிட்டது. லிஃப்டில் இறங்கி, பின்வாசல் சரிவுப் பாதை வழியாக வெளியே தள்ளிப் போனேன். பத்தடி போயிருப்போம். சக்கரம் பனியில் புதைந்து நின்றுவிட்டது. முன்னாலும் போகவில்லை, பின்னாலும் வரவில்லை. மேடத்தின் நீளக் கோட்டை மிதித்து நானே ஒரு முறை முட்டிபோட்டு விழுந்தேன்.

அண்ணா குப்பைப் பையைப் போட வெளியே வந்தவர் எங்களைப் பார்த்தார்.

"சில்லு ஓடாது தங்கச்சி. இஞ்ச எல்லாம் இழுக்கிறதுதான்," என்றார். சுவரில் சாய்த்திருந்த ஒரு மரச் சறுக்கு வண்டியைக் காட்டினார். விருந்தினர்களின் பெட்டிகளை ஏற்றி இழுத்துப் போவதற்கென்று வைத்திருப்பது. "ஷ்லித்தன் எண்டு சொல்லுவினம். மனுசனை இதில வைப்பம்."

பாபாவிடம் காட்டிக் கேட்டேன். மாஃபி என்பார் என்று நினைத்தேன். அவர் வண்டியைக் கூர்ந்து பார்த்துவிட்டு, "யல்லா," என்றார்.

கம்பளியை இரண்டாக மடித்து விரித்தோம். முதுகுக்குச் சாய்மானமாக நாற்காலியின் தலையணையை வைத்து, என் சால்வையால் இடுப்போடு சேர்த்துக் கட்டினேன். சிறுநீர்ப் பையைப் போர்வைக்குள் தாழ்வாகத் தொங்கவிட்டேன். கயிற்றின் ஒரு பக்கம் அண்ணா, மறுபக்கம் நான். இழுத்தோம். முதலில் அசையவில்லை. பிறகு வழுக்கிக்கொண்டு வந்தது. சந்திலிருந்து பெரிய தெருவுக்கு வந்துவிட்டோம். ஒரு பக்கம் கடிகாரக் கடைகள், மறுபக்கம் தோல்பைக் கடைகள். நடுவில் ஏப்ரனுக்கு மேல் ஜாக்கெட் போட்ட யாழ்ப்பாணத்துக்காரர் ஒருவர், தரையைக் கூட்டும் கோட்டோடு ஒரு நர்ஸ், பின்னால் பாபா.

அப்போதுதான் அது நடந்தது. பின்னாலிருந்து ஒரு குரல்.

"ஜல்தி."

நான் திரும்பினேன். பாபாவின் இடது கை மேலே உயர்ந்திருந்தது.

"ஜல்தி. ஜல்தி, பாய். ஜல்தி."

கணீரென்ற குரல். இரண்டு வருஷமாக நான் கேட்ட குழறல் இல்லை அது. பாபா சின்ன வயதில் தேராவில், கடல் உள்ளே புகுந்து வரும் ஓடைக்கரையில் சரக்கு ஏற்றி இறக்கும் வியாபாரம் செய்தவர் என்று வீட்டில் சொல்லிக் கேட்டிருக்கிறேன். மரப் படகுகளில் வரும் மூட்டைகளை இறக்கும் ஆட்கள் எல்லாம் நம் நாட்டு ஆட்கள்தான். அவர்களிடம் இந்தி பேசித்தான் வேலை வாங்கியிருப்பார். அந்தக் குரல் உள்ளே எங்கோ கிடந்து, இப்போது எழுந்து வந்திருந்தது.

"என்ன சொல்லுறார்?" என்றார் அண்ணா, இழுத்தபடியே.

"வேகமா இழுக்கச் சொல்றார்."

"எந்த நாட்டில போனாலும் முதலாளிமார் இதைத்தானே சொல்லுறவை," என்றார். ஆனாலும் நடையை எட்டிப் போட்டார். எனக்கு மூச்சு வாங்கியது. அழுகையும் சிரிப்புமாக வந்தது. ஒரு நர்ஸாக, பேச்சு திரும்புகிறதே என்று மனசு துள்ளியது. அதே நேரத்தில், இவ்வளவு காலம் கழித்து வந்த சொல் இதுதானா என்றும் இருந்தது. நான் அவருக்குக் கரண்டியில் ஊட்டியபோது வராத பேச்சு, கயிற்றைப் பிடித்து இழுத்தபோது வந்திருக்கிறது. இரண்டையும் பிரித்துப் பார்க்க எனக்கு அப்போது தெம்பில்லை. இழுத்தேன்.

தெருக்கோடி வரை போய்த் திரும்பினோம். பாபாவின் கன்னம் சிவந்திருந்தது. வாயோரம் வழிந்ததைத் துடைத்துவிட்டபோது என் கையைப் பிடித்துக்கொண்டார். அறைக்கு வந்து கஞ்சி குடித்துவிட்டு உடனே தூங்கிப்போனார்.

மத்தியானம் மூத்த மகன் வழக்கத்துக்கு முன்னதாகவே மலையிலிருந்து வந்துவிட்டார். அந்த டக் டக் பூட்ஸோடு நேராக அறைக்குள் வந்தார்.

"சிஸ்டர், இது என்ன?" போனை நீட்டினார்.

அதே ஹோட்டலில் குவைத்திலிருந்து வந்த குடும்பம் ஒன்று தங்கியிருந்தது. அந்த அம்மா மேடத்துக்குப் பழக்கம். எங்களைத் தெருவில் பார்த்து வீடியோ எடுத்து அனுப்பியிருக்கிறார். கேலியாக அனுப்பினாரா, அன்பாக அனுப்பினாரா, எனக்குத் தெரியாது. படத்தில் நாங்கள் மூவரும் சின்னதாக, குனிந்து குனிந்து போய்க்கொண்டிருந்தோம்.

"எங்க அப்பா என்ன பெட்டியா? சாமான் வண்டியில கட்டி, தெருவுல, எல்லாரும் பாக்க? எங்க ஊர் ஆளுங்க பாக்க?"

"நாற்காலி பனியில போகல சார். பாபாதான் கேட்டார்."

"அப்பா கேட்டாரா? அப்பா எப்படிக் கேப்பார்?"

"இன்னைக்குப் பேசினார் சார். ஜல்தின்னு சொன்னார். பாய்னு சொன்னார்."

அவர் என்னையே பார்த்தார். தப்பிக்க நான் கதை கட்டுவதாக நினைத்தார் என்று முகத்திலேயே தெரிந்தது. கட்டிலுக்குப் போய் அப்பாவின் பக்கத்தில் குனிந்து, அரபியில் மெதுவாகக் கேட்டார். பாபா விழித்துப் பார்த்தார்.

"மாஃபி," என்றார்.

மகன் நிமிர்ந்தார். "என்னைக் கேக்காம இனி இவரை வெளிய கொண்டுபோகக் கூடாது," என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் நானும் ஏதாவது சொல்லியிருப்பேன். பிறகு பாபாவைத் திருப்பிப் படுக்கவைக்கும் நேரம் வந்துவிட்டது, திருப்பினேன்.

கஞ்சி வாங்கப் போனபோது அண்ணாவையும் ஹோட்டல் மேனேஜர் கூப்பிட்டுக் கண்டித்திருக்கிறார் என்று தெரிந்தது. பெட்டி வண்டியில் விருந்தாளியை ஏற்றினது தப்பாம். விழுந்திருந்தால் காப்புறுதிக்காரன், இன்சூரன்ஸ்காரன், காசு தர மாட்டானாம்.

"என்னாலதானண்ணா," என்றேன்.

"விடுங்கோ. முப்பது வருசத்தில எத்தினை மேனேஜர் வந்து போனவை. இவன் இன்னும் ரெண்டு சீசன் இருப்பான்." கஞ்சியை வடிகட்டிக்கொண்டே கேட்டார். "மனுசன் பிறகு கதைச்சாரோ?"

"இல்லை."

"பாவம்," என்றார். கிண்ணத்தை வாங்கிக்கொண்டு மேலே போனேன்.

சாயங்காலம் விளக்கு போட்ட நேரத்தில் மகன் மறுபடி வந்தார். இப்போது வீட்டுச் செருப்பில் வந்தார். கதவருகே நின்று, "உள்ள வரலாமா?" என்று கேட்டார். அவருடைய அப்பாவின் அறைக்குள் வர என்னிடம் அனுமதி கேட்டது அதுதான் முதல் முறை. வந்து கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார். போனை எடுத்து அந்த வீடியோவை ஓடவிட்டார். மலையில் காற்றின் இரைச்சலில் அவர் படத்தை மட்டும்தான் பார்த்திருக்கிறார். இப்போது சத்தத்தோடு ஓடியது. பனியில் வண்டி உரசும் ஓசை, யாரோ சிரிப்பது. அதற்கு மேலே பாபாவின் குரல்.

மறுபடி ஓடவிட்டார். மறுபடியும்.

"இது பழைய குரல்," என்றார். "நான் சின்னப் பையனா இருந்தப்போ வீட்டுல கேக்கும். வெளிய வேலை ஆட்களோட பேசுற குரல்."

பாபா தன் குரலைக் கேட்டுக்கொண்டு படுத்திருந்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. மகன் எழுந்து போகும்போது, "நாளைக்குக் காலையில நான் மலைக்குப் போகல. நானே அப்பாவை வெளிய கூட்டிட்டுப் போறேன். நீங்க படுங்க சிஸ்டர்," என்றார். மன்னிப்பு என்ற சொல்லை அவர் சொல்லவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை.

மறுநாள் பாபாவுக்கு உடுப்பு மாட்டிக் கொடுத்தது மட்டும் என் வேலை. ஹோட்டல்காரர்கள் ஆட்கள் உட்காரும்படி சாய்மானமும் பெல்ட்டும் வைத்த நல்ல சறுக்கு வண்டி ஒன்றை எங்கிருந்தோ வரவழைத்திருந்தார்கள். கேட்க வேண்டியவர் கேட்டால் எல்லாம் கிடைக்கும் ஊர் அது. மகனும் பேரப்பிள்ளைகளும் பிலிப்பினோப் பெண்ணும் கூடப் போனார்கள். ஜன்னலிலிருந்து பார்க்கலாம் என்று சோபாவில் உட்கார்ந்தேன். உட்கார்ந்ததுதான் நினைவிருக்கிறது.

எழுந்தபோது அறையில் வெயிலின் பக்கம் மாறியிருந்தது. யாரும் என்னை எழுப்பவில்லை. என்மேல் போர்வை கிடந்தது. மகன் தரையில் முட்டிபோட்டு, பாபாவின் ஈரமான பூட்ஸின் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தார். தவறான முனையை இழுத்து முடிச்சை இறுக்கிவிட்டிருந்தார். நான் பதறி எழுந்தேன். வேண்டாம் என்று கையைக் காட்டினார்.

"அப்பா ஒரு வார்த்தையும் சொல்லல," என்றார். "ரெண்டு தடவை தெருக்கோடி வரைக்கும் போனோம். நான்தான் இழுத்தேன். ஒண்ணும் சொல்லல. கடைசியில கலாஸ்னு மட்டும் சொன்னார்."

மகனிடம் யார் அப்படி அதட்டுவார்கள் என்று எனக்குத் தோன்றியது. அதைச் சொல்லவில்லை. அவர் குரலில் இருந்த ஏமாற்றத்துக்கு அது மருந்தாகாது. "நாளைக்குப் பேசுவார் சார்," என்றேன். நோயாளிகளின் வீட்டாரிடம் நாங்கள் தினமும் சொல்லும் வார்த்தை. அவரும் அதை நம்பியவர் மாதிரி தலையாட்டினார்.

திரும்புகிற வரை ஒவ்வொரு நாளும் காலையில் அவர் அப்பாவை வெளியே கூட்டிப்போனார். பாபா பேசவேயில்லை. ஆனால் மகன் வரும் நேரம் தெரிந்து கதவைப் பார்க்கத் தொடங்கியிருந்தார். அந்த நேரமெல்லாம் நான் தூங்கினேன். உலகத்திலேயே அழகான ஊர்களில் ஒன்று என்கிறார்கள்; அதில் எனக்குக் கிடைத்ததில் மிக நல்லது அந்தத் தூக்கம்தான். கிளம்பும் நாள் காலையில் கீழே போய் அண்ணாவிடம் சொல்லிக்கொண்டேன். அவர் கையெல்லாம் சோப்பு நுரை. முழங்கையை நீட்டினார்; அதைத் தொட்டுவிட்டு வந்தேன்.

துபாயில் இறங்கியபோது வாராந்தர லீவோடு இன்னொரு நாளும் சேர்த்துத் தந்தார்கள். அஜ்மான் அறையில் கணவர் மீன் குழம்பு வைத்திருந்தார். "எப்படி இருந்துச்சு?" என்றார். எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை. "குளிர்," என்றேன். மகளின் விடுமுறை அதற்குள் முடிந்துவிட்டிருந்தது.

அடுத்து வந்த நோன்புப் பெருநாளுக்குப் பிறகு பாபா இறந்துபோனார், தூக்கத்திலேயே. அடக்கம் முடிந்து சில நாட்கள் கழித்து மூத்த மகன் என்னைக் கூப்பிட்டு, எனக்குச் சேர வேண்டியதை எல்லாம் முறையாகத் தந்து, நல்லபடியாக அனுப்பி வைத்தார். போகும்போது, "கடைசியில அந்தப் பேச்சை நேர்ல கேட்டது நீங்களும் அந்த ஹோட்டல் ஆளும்தான்," என்றார். நான் தலையாட்டினேன்.

ஊருக்குப் போய் மகளோடு இருந்துவிட்டுத் திரும்பி, ஏஜென்சியில் பதிந்து காத்திருந்தேன். சீக்கிரமே ஒரு வீடு கிடைத்தது. அபுதாபியில், இடுப்பு முறிந்த ஒரு வயதான அம்மா. ஏஜென்சிக்காரர் சந்தோஷமாகச் சொன்னார். "ஒங்களுக்கு பனி ஊர் அனுபவம் இருக்குன்னு சொன்னேன். அதனாலதான் ஒங்களையே எடுத்தாங்க. அவங்களும் வருஷா வருஷம் போறவங்களாம்."

எந்த ஊர் என்று நான் கேட்கவில்லை. எத்தனை நர்ஸ் போவோம் என்று மட்டும் கேட்டேன். விசாரித்துச் சொல்கிறேன் என்றார்.